மணல்திட்டுக்கு ஆறு கூடாரங்கள்

தான் உள்ளே படுத்து ஒரு மழையைக் கழிக்காத கூடாரத்தை அவள் யாருக்கும் விற்றதில்லை. புது மாதிரி ஒன்றைத் தைத்து முடித்தால் மழைக்காகக் காத்திருப்பாள். மழை வந்ததும் கடைக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் கூடாரத்தை நட்டு, ஒரு தலையணையோடு உள்ளே போய்விடுவாள். அவள் கணவன் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று, "ஒழுகுதா?" என்று கேட்பான். "நீங்க உள்ள வந்து எட்டிப் பாத்தா ஒழுகும்" என்று பதில் வரும்.

தெருவில் எல்லோரும் அவளைக் கூடாரக்காரி என்றே சொன்னார்கள். ஒரு பக்கம் பூட்டுக் கடை, மறுபக்கம் பல் டாக்டர், நடுவில் இவர்களுடைய கடை. முன்கட்டில் முதுகுப்பைகள், கயிறுகள், தண்ணீர்க் குப்பிகள், நடைக்கழிகள். பின்கட்டில் இரண்டு தையல் மெஷின்களும், ஆள் படுத்து உருளுகிற அளவுக்கு ஒரு வெட்டுமேசையும். கல்லாவும் பேச்சும் கணவனுடையவை. மலைக்கும் கடற்கரைக்கும் ஆட்களை நடத்திக் கூட்டிப்போகிற வேலை அவளுடைய தம்பியுடையது. நெடுநெடுவென்று வளர்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க நடக்கிறவன் என்பதால் அவனுக்கு ஒட்டகம் என்று பேர் விழுந்து, பெற்றவர்களே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

கடை வைத்த நாளிலிருந்து வருமானத்தில் ஒரு பங்கைக் காட்டுக்கோ கடலுக்கோ கொடுத்துவிடுவது என்று மூன்று பேரும் பேசி வைத்திருந்தார்கள். வெளியே கிடக்கிற மலையையும் ஆற்றையும் காட்டித்தானே பிழைக்கிறோம், வாடகை மாதிரி ஏதாவது கொடுத்தால் என்ன என்பது அவர்கள் எண்ணம். ஆனால் யாருக்குக் கொடுப்பது என்பதில் ஆரம்பத்தில் ஒரு ஒழுங்கும் இருக்கவில்லை. கணவன் இளகிய மனசுக்காரன். வழவழத்தாளில் அச்சடித்த படத்தோடு யார் படியேறி வந்தாலும் சரி என்றுவிடுவான். திமிங்கிலத்துக்குக் கொடுத்தார்கள். பனிச்சிறுத்தைக்குக் கொடுத்தார்கள். கடைக் கதவு முழுக்க ஸ்டிக்கர்களாக ஆயிற்று.

"மாமா, இந்தச் சிறுத்தையை நம்ம மூணு பேர்ல யாராவது ஒருத்தர் சாகறதுக்குள்ள பாப்போமா?" என்று ஒட்டகம் ஒருநாள் கேட்டான்.

"பாக்கலைன்னா அது இல்லாமப் போயிடுமா மாப்ளே?"

"நம்ம கொடுத்தது அதுக்குப் போய்ச் சேந்துச்சான்னாவது தெரியணும்ல?"

அப்போதுதான் அவள் சொன்னாள். கொடுப்பதென்றால் ஒரே இடத்துக்குக் கொடுப்போம். போய்ப் பார்த்துவிட்டு வருகிற தூரத்தில் இருக்கட்டும். பணத்தைவிட நம் கையால் செய்த பொருளாக இருக்கட்டும். நாம் நன்றாகச் செய்கிற பொருள் ஒன்றுதான், அதையே கொடுப்போம்.

அப்படித்தான் மணல்திட்டுக் குழு அவர்கள் வாழ்க்கைக்குள் வந்தது.

ஆறு கடலில் சேருகிற இடத்தில் நீளமாக ஒரு மணல்திட்டு உண்டு. வருஷம் தவறாமல் ஆலாக்கள் அங்கே வந்து முட்டையிடும். கருந்தொப்பி போட்டதுபோல் தலையும் வெள்ளை உடம்புமாகக் கைக்கு அடங்குகிற பறவைகள். கூடு என்று ஒன்றும் கட்டாது. மணலில் வயிற்றை வைத்து ஒரு தேய், அந்தப் பள்ளத்தில் இரண்டு முட்டை, அவ்வளவுதான் குடித்தனம். முட்டைக்கும் மணலுக்கும் நிறத்தில் வித்தியாசமே கிடையாது. நாய் வராமல், காக்காய் வராமல், வேடிக்கை பார்க்கிறவன் மிதிக்காமல், அந்த மாதங்களில் கரையில் இருந்து காவல் காக்கிற சின்னக் குழு அது. அதை நடத்தியவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கேஷியராக இருந்து வேலையை விட்டவர். எப்போதும் சட்டைப் பையில் மூன்று பேனா. யார் காலையும் மிதிக்காமல் வாழ்ந்து முடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்தவர்போல நடப்பார்.

போன வருஷம் அவர்களுக்கு மூன்று கூடாரங்கள் தைத்துக் கொடுத்தார்கள். காவலர்கள் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறார்களே என்று அவள் பார்த்துப் பார்த்துத் தைத்தது. நல்ல செம்மஞ்சள் நிறம். அந்த நிறம்தான் அவள் கடைக்கே அடையாளம். இரண்டு குன்றுக்கு அப்பால் வழி தவறியவன்கூட அதைப் பார்த்து வந்து சேரலாம் என்று அவளே கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்த துணி. சீசன் முடிந்ததும் கேஷியர் நேரில் வந்து கைகூப்பினார். "மேடம், எங்க பசங்களுக்கு அது ரெண்டாவது வீடு மாதிரி" என்றார். அவளுக்கு ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை.

இந்த வருஷம் ஆறு. அளவும் பெரிது. கொடுக்கிற விழாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்து, பழைய வாடிக்கையாளர்களை எல்லாம் கணவன் அழைத்துவிட்டான். காலையில் ஒட்டகத்தின் விடியல் நடை, அது முடிந்ததும் ஆற்றங்கரையில் விழா.

விடியல் நடை என்பது கடையின் உயிர்நாடி. இருள் பிரிகிற நேரத்தில் ஆற்றோரமாகவே நடந்து, முகத்துவாரத்துக்கு வந்து, மணல்திட்டுக்கு எதிரே, காவல் இடத்தைப் புதர் மறைக்கிற வளைவில் நிற்பார்கள். வெளிச்சம் வந்ததும் ஒட்டகம் இரண்டு கையையும் உயர்த்தி ஒரே ஒரு தட்டுத் தட்டுவான். மணலே எழுந்துகொண்டதுபோல ஆலாக்கள் மொத்தமாகக் கிளம்பும். வானம் நிறைய வெள்ளைக் காகிதத்தைக் கிழித்து வீசிய மாதிரி இருக்கும். அழுதவர்கள் உண்டு. அந்த இடத்தில் வைத்துப் பெண் கேட்டவன் உண்டு. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த நடையில் வந்து ஒட்டிக்கொண்டவர்கள். அந்த நடையின் வரும்படியிலிருந்துதான் பறவைகளுக்கான பங்கும் போயிற்று. கடை வாசல் போர்டில் கணவன் அதைப் பெரிதாக எழுதியும் வைத்திருந்தான்.

விழாவுக்கு முன்னால் போஸ்டருக்கு ஒரு படம் வேண்டும் என்று மூன்று பேரும் மணல்திட்டுக்கு எதிர்க்கரைக்குப் போனார்கள். பறவைகள் வர இன்னும் நாள் இருந்தது. கரையில் மூன்று கூடாரங்களும் வரிசையாக நின்றன. கேஷியரும் இரண்டு காவலர்களும் சிரித்தபடி பக்கத்தில் நின்றார்கள்.

"சார், கொஞ்சம் கூடாரத்து மேல கை வைங்க. சொந்தக்காரன் மாதிரி" என்றான் கணவன். கேஷியர் கை வைத்தார். சுடுகிற அடுப்பில் வைப்பதுபோல வைத்தார்.

அவள் வழக்கம்போலக் கூடாரத்தைச் சுற்றி வந்தாள். தையலைத் தடவினாள். தடவின கை நின்றது.

துணியில் மடிப்பு இருந்தது. அவள் மடித்த மடிப்பு. நீளவாக்கில் மூன்றாக, பிறகு உருட்டாமல் சதுரமாக மடிப்பது அவள் வழக்கம். அந்தக் கோடுகள் இஸ்திரி போட்டதுபோல அப்படியே இருந்தன. ஒரு கோடை வெயில் பட்டிருந்தால் அந்த நிறம் இந்நேரம் வெளுத்துப் பழைய செங்கல் மாதிரி ஆகியிருக்க வேண்டும். முளைகளில் ஒரு கீறல் இல்லை. ஜிப்பில் ஒரு மணல் இல்லை. கடற்கரையில் ஒரு பருவம் முழுக்க நின்ற கூடாரத்து ஜிப்பில் மணல் இல்லாமல் இருக்குமா?

ஜிப்பை மறுபடி மூடினாள். படத்தில் சிரிக்கவும் செய்தாள். திரும்பி வரும்போது வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

"என்னக்கா, ஒரு மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்ல. தலைவலி."

அவளுக்கு அது தலைவலியாக இல்லை, அவமானமாக இருந்தது. அவர்கள் காவலே காக்கவில்லையோ என்று முதலில் தோன்றியது. பிறகு, தன் கூடாரம் உள்ளே படுக்கவே லாயக்கில்லையோ என்று தோன்றியது. எது மோசம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆறு கூடாரங்களையும் மனசில்லாமல் தைத்தாள். தையல் மட்டும் நேராகவே போயிற்று, கைப்பழக்கம்.

ஆலாக்கள் வந்து முட்டையிட ஆரம்பித்துவிட்டன என்று ஒட்டகம் சொன்ன அன்று, விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

எதிர்க்கரையில் கூடாரம் எதுவும் இல்லை. வெறும் கரைதான் என்று நினைத்துத் திரும்பப் போனவள், புதருக்குப் பக்கத்தில் ஒரு மண்மேடு இருமுவதைக் கேட்டாள். கிட்டே போனாள். பழைய சாக்குகளை ஒன்றோடொன்று கோணி ஊசியால் இணைத்து, நனைத்து, மணலை அப்பி, நாலு குச்சியில் போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு காவலரும் கேஷியரும் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். கேஷியர் சட்டைப் பையில் பேனாக்கள் அப்படியே இருந்தன.

அவளைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்க முயன்று, தலை சாக்கில் இடித்து, மறுபடி படுத்துவிட்டார்.

"மேடம், நீங்க வரேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா டென்ட் அடிச்சு வெச்சிருப்பீங்க. அதானே?"

அவர் முகம் சுண்டிப் போயிற்று. ஊர்ந்து வெளியே வந்து, பறவைகளுக்குத் தெரியாமல் புதருக்குப் பின்னால் அவளைக் கூட்டிப்போய் உட்கார வைத்து, மெல்லிய குரலில் சொன்னார். போன வருஷம் முதல் நாளே மூன்றையும் நட்டார்களாம். காற்றில் துணி படபடவென்று அடித்தது. பறவைகள் அதுவரை அப்படி ஒரு நிறத்தை அந்தக் கரையில் பார்த்ததில்லை. எல்லாம் எழும்பிப் போய்விட்டன. இறங்கவே இல்லை. கூடாரத்தை அவிழ்த்துச் சுருட்டி மறைக்கிறவரைக்கும் மேலேயே சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. திட்டின் இந்தப் பக்கத்து முட்டைகள் எதுவும் பொரியவில்லை.

"எதுவுமா?"

"இந்தப் பக்கத்துது எதுவும் இல்ல மேடம்."

"அப்புறம் என்னத்துக்கு சார் என் கடைக்கு வந்து ரெண்டாவது வீடுன்னீங்க?"

"நீங்க அவ்வளவு ஆசையா கொடுத்தது. மனசு சங்கடப்படக் கூடாதுன்னுதான்."

"இன்னும் ஆறு தைச்சு வெச்சிருக்கேன். அதையும் வாங்கியிருப்பீங்களா?"

கேஷியர் சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டினார். "எங்க வைக்கிறதுன்னுதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். "வீட்ல பீரோவுக்கு மேல இடம் இல்ல."

அன்று சாயங்காலம் அவள் கடைக்கு வந்து சேர்ந்தபோது முன்கட்டில் ஒரு வாடிக்கையாளர் குதித்துக்கொண்டிருந்தார். முதுகுப்பையின் ஜிப் இரண்டே மாதத்தில் வாயைப் பிளந்துகொண்டதாம். "இதெல்லாம் ஒரு பொருளாய்யா? காசு என்ன மரத்துலயா காய்க்குது?" கணவன் கைகட்டிக் கேட்டுக்கொண்டு, ஜிப்பைத் தானே இழுத்துப் பார்த்து, "தப்பு எங்களுதுதாங்க, நாளைக்கு வாங்கிக்கங்க" என்றான். அவர் போனதும், "நல்ல மனுஷன். போன தடவை அவர் திட்டினதுலதான் தோள்பட்டை அகலம் சரியாச்சு" என்று சிரித்தான்.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கடையில் உள்ள ஒவ்வொரு பொருளும் இப்படித்தானே தேறியது? வாங்கினவன் வந்து கத்துவான், இவள் மாற்றுவாள். கூடாரத்தின் வாசல் உயரம், கயிற்றின் நீளம், பையின் பட்டை எல்லாமே யாரோ ஒருவர் முகத்துக்கு நேரே திட்டியதால் வந்தவை. காசு கொடுத்தவனுக்கு வாய் இருக்கிறது. இனாமாக வாங்கினவனிடம் ஒரு நன்றியைத் தவிர வேறொன்றையும் இவர்கள் விட்டுவைக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் சொன்னாள். கணவன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். "போஸ்டர் அச்சாயிடுச்சேடி" என்றான் முதலில். அப்புறம், "பொரியவே இல்லையா?" என்றான். எழுந்து போய்ச் சுவரோரம் திரும்பி நின்றுகொண்டான்.

மறுநாள் காலையில் கேஷியரைக் கடைக்கு வரவழைத்தாள். கல்லா மேசைக்கு இந்தப் பக்கம் தான் நின்றுகொண்டு, அவரை அந்தப் பக்கம் நிறுத்தினாள். ஒட்டகம் ஒரு மூட்டைக் கயிற்றின்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

"சார், நான் கடைக்காரி. நீங்க காசு கொடுத்து மூணு டென்ட் வாங்கினவரு. பொருள் சரியில்ல. திட்டுங்க."

"யாரை மேடம்?"

"என்னைத்தான்."

"ஐயோ, நீங்க எவ்வளவு பெரிய மனசு பண்ணி..."

"காசு கொடுத்தவன் மனசைப் பத்திப் பேசுவானா? ஜிப்பைப் பத்திப் பேசுவான். பேசுங்க."

கேஷியர் தொண்டையைச் செருமினார். பேனாக்களைச் சரிசெய்தார். "கலர்... ரொம்ப நல்லா இருக்கு. கொஞ்சம் கம்மியா நல்லா இருந்தா, இன்னும் நல்லா இருக்கும்."

ஒட்டகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சார், நீங்க திட்டினா திட்டு வாங்கினவன் கேக்கு வெட்டிக் கொண்டாடுவான். மாமா, நீங்க ஒருக்கா காட்டுங்க அவருக்கு."

இத்தனை வருஷம் வாங்கிச் சேர்த்த திட்டெல்லாம் கணவனுக்குள் பத்திரமாக இருந்தது. மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "என்னய்யா கடை நடத்துறீங்க? இதுல மனுஷன் படுப்பானா? உங்க வீட்டு நாய் படுக்குமா?" என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்துச் சுவருக்கு அப்பால் பல் பிடுங்கிக்கொண்டிருந்த யாரோ கத்துவதையே நிறுத்திவிட்டார்.

கேஷியர் மேசையை லேசாகத் தட்டினார். அந்தச் சத்தம் அவருக்கே பிடித்துவிட்டதுபோல இருந்தது. இன்னொரு தட்டு.

"கலர் வேணாம்" என்றார். "மணல் கலர்ல வேணும். இல்லைன்னா வேணவே வேணாம். எங்களுக்குச் சாக்கே போதும். காத்துல படபடங்குது. ஜிப்பைத் திறந்தா அக்கரை வரைக்கும் கேக்குது. அப்புறம், அப்புறம் இந்தப் போட்டோ! நீங்க ஒவ்வொரு தடவை வரேன்னு சொல்லும்போதும் ரெண்டு பேர் இருக்கிற வேலையை விட்டுட்டு டென்ட் அடிக்கணும், நீங்க போனதும் பிரிக்கணும், உங்க மடிப்பு மாதிரியே மடிக்கணும். உங்களுக்கு நன்றி சொல்றதே எங்களுக்கு ஒரு தனி உத்தியோகமாப் போச்சு!"

"சரி. வேற?"

"எல்லாரும் பைனாகுலர் தராங்க. எங்ககிட்ட இப்ப கண்ணைவிட பைனாகுலர் அதிகம். தொப்பி தராங்க. பேர் போட்ட போர்டு தராங்க. எங்க காவல்காரங்களுக்குச் சம்பளம் வேணும்னு யாருக்கும் தோணல. பஸ்ஸுக்கு வேணும், சோத்துக்கு வேணும். அதைப் படம் பிடிச்சு மாட்ட முடியாதுல்ல, அதான்!"

அவருக்கு மூச்சு வாங்கியது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கூடாரக்காரிக்கு வினோதமாக ஒரு சந்தோஷம். வெட்டுமேசையில் கோணலாகப் போன துணி கடைசியில் நேராக விழுந்ததுபோல இருந்தது. சம்பளம் கொடுத்துவிடலாம். ஆறு கூடாரத்தையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகாமுக்கு வாடகைக்கு விட்டால் போயிற்று. இவ்வளவு சுலபமா?

"அவ்வளவுதான் மேடம்" என்றார் கேஷியர்.

ஆனால் அவர் கை மேசையிலேயே இருந்தது. கையை எடுக்காத வாடிக்கையாளர் இன்னும் முடிக்கவில்லை என்று அர்த்தம்.

"இன்னொண்ணு இருக்கு. சொல்லுங்க சார்."

"வேணாம் மேடம்."

"பணம் கொடுத்து வாங்கியிருந்தா சொல்லியிருப்பீங்களா மாட்டீங்களா?"

கேஷியர் கயிற்று மூட்டைப் பக்கம் பார்த்தார். "தம்பி கைதட்டுறது" என்றார்.

ஒட்டகத்தின் சிரிப்பு முகத்திலேயே பாதியில் நின்றது. "என்னது?"

"நீங்க காலையில கைதட்டுறீங்களே தம்பி. அதுங்க அழகுக்குப் பறக்கல. பயந்து பறக்குதுங்க. நீங்க போன பிறகும் கொஞ்சநேரம் இறங்காது. காக்கா அதுக்குன்னே காத்துக்கிட்டு இருக்கு. அதுக்கு உங்க நடை எந்தக் கிழமைன்னுகூடத் தெரியும்போல. சில நாள் நீங்க போனதும் நாங்க போய்ப் பாத்தா வெறும் ஓடுதான் கிடக்கும்."



"இத்தனை வருஷமா பக்கத்துலதானே படுத்துக் கிடக்கீங்க?" என்றான் ஒட்டகம். "ஒரு நாள், ஒரே ஒரு நாள், டேய் தட்டாதடான்னு சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?"

"முன்னாடியே சொல்லணும்னுதான் தம்பி இருந்தேன்" என்றார் கேஷியர். "அப்புறம் நீங்க டென்ட் கொடுத்துட்டீங்களே."

கூடாரக்காரிக்குத் தன் சந்தோஷம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் சம்பளத்தோடு நிறுத்தியிருக்கக் கூடாதா என்று தான் நினைப்பதை அவளே கவனித்தாள். இதுவரை வாங்கிய திட்டு அவள் கேட்டு வாங்கியது. கையை நீட்டி அளவு எடுத்துக்கொள்கிற மாதிரியான திட்டு. இது அப்படியில்லை. இது கடையின் வயிற்றில் அடிக்கிறது. அந்த நடை போனால் வருகிற ஆட்களில் பாதி போகும். பறவைகளுக்கு என்று எடுத்து வைக்கிற பங்கும் போகும். பறவைகளைப் பயமுறுத்திச் சம்பாதித்து, அதில் ஒரு பங்கைப் பறவைகளுக்கே கொடுத்திருக்கிறோம். வாசல் போர்டில் அதைப் பெரிய எழுத்தில் வேறு எழுதியிருக்கிறோம்.

"அக்கா, நல்லா வாயைத் திறக்க வெச்ச" என்று ஒட்டகம் எழுந்தான். கால் பட்டு ஒரு நடைக்கழி உருண்டது. "உனக்குப் போறது என்ன, ஒரு கலர். மாத்தித் தைச்சுக்குவ. எனக்கு?"

அவன் வெளியே போய்விட்டான். பூட்டுக் கடை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அந்த உயரமான ஆள் தோளைக் குறுக்கி நிற்பதை அவள் கண்ணாடி வழியே பார்த்தாள். அவன் அந்த நடையைக் கண்டுபிடித்தபோது அவனுக்கு வேறு வேலையே இல்லை. முதல் தடவை பறவைகள் எழும்பியதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, மூச்சிரைக்க, "அக்கா, என்னைப் பாத்து எல்லாம் எழுந்து நின்னுச்சுக்கா" என்று சொன்னவன் அவன். எழுந்து நின்றதாகத்தான் இவ்வளவு நாளும் அவன் நம்பியிருந்தான்.

"மேடம், நான் சொல்லியிருக்கக் கூடாது" என்று கேஷியர் பைக்குள் பேனாக்களைத் தள்ளிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

"உக்காருங்க சார்" என்றான் கணவன். ஸ்டூலை இழுத்துப் போட்டான். "பாதித் திட்டுல கடையை விட்டுப் போறவரை நான் பாத்ததே இல்ல."

அவள் வெளியே போய்த் தம்பிக்குப் பக்கத்தில் நின்றாள். பூட்டுக்காரர் ஒரு சாவியை அராவிக்கொண்டிருந்தார். இரும்புத் தூள் மெல்லப் பறந்தது.

"போகாதன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "அது உன் நடை. நீ கண்டுபிடிச்சது. நீ போனா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"பேச மாட்ட. மூஞ்சியை வெச்சுக்குவ."

"மூஞ்சியை வெச்சுக்காம வேற எங்க கழட்டி வைக்கிறது?"

அவன் சிரிக்கவில்லை. பறக்கிற இரும்புத் தூளைப் பார்த்தபடியே கேட்டான். "அதுங்க கத்துறது எனக்கு வரவேற்கிற மாதிரிதான்க்கா கேட்டுச்சு. நீயும்தான் கேட்டிருக்க. உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு" என்றாள். அது உண்மை.

அவன் உள்ளே வந்தான். கேஷியருக்கு முன்னால் நின்று, நிமிர்ந்தபடியே, "எவ்வளவு தள்ளிப் போனா போதும்?" என்றான்.

"பரவாயில்ல தம்பி" என்றார் கேஷியர் அவசரமாக. "உங்களுக்கு எது வசதியோ அப்படி..."

"சார்!" என்றாள் கூடாரக்காரி.

கேஷியர் ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "தள்ளிப் போறதெல்லாம் இல்ல" என்றார். "அந்தக் கரைக்கு வரவே கூடாது. குஞ்சுங்க பறக்கிற வரைக்கும், ஒருத்தரும்." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார், அடி விழும் என்று எதிர்பார்க்கிறவர்போல.

அடி விழவில்லை. ஒட்டகம் மேசையில் இருந்த போனைத் தன் பக்கம் இழுத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குப் பேர் கொடுத்தவர்களின் நம்பர்கள் அவனுக்கு மனப்பாடம்.

"மாப்ளே, நான் பேசட்டுமா?" என்றான் கணவன். "நான்னா கொஞ்சம் நயமா சொல்லுவேன்."

"வேணாம் மாமா. நீங்க பேசினா அவங்க இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வந்துடுவாங்க."

மணி அடித்தது. அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள்.

"வணக்கங்க, நான்தான், நடைக்குக் கூட்டிப் போறவன்... இல்லைங்க, ஞாயித்துக்கிழமை நடை இல்ல... மழையெல்லாம் இல்லைங்க. பறவைங்க முட்டை வெச்சிருக்கு... ஆமாங்க, போன வருஷமும் வெச்சிருந்துச்சு." அவன் நிறுத்தினான். அந்தப் பக்கம் நீளமாகப் பேசியது. அவன் காது சிவந்தது. "ஆமாங்க. போன வருஷம் போனோம்தான்... தெரியாமத்தான்... இல்ல, அவங்க சொல்லியிருக்கணும், நாங்களும் கேட்டிருக்கணும்."

கேஷியர் ஸ்டூலிலிருந்து எழுந்து, உருண்டு கிடந்த நடைக்கழியை எடுத்துச் சுவரில் சாய்த்தார்.

"பணம் திருப்பித் தந்துடறோம்ங்க. விழாவா? அதுவும் இல்லைங்க, ஆத்தங்கரையில எதுவும் இல்ல... மறுபடி எப்பவா?" ஒட்டகம் போனைக் கையால் பொத்திக்கொண்டு கேஷியரைப் பார்த்தான். கேஷியர் உதட்டைப் பிதுக்கினார்.

"தேதி எதுவும் இல்லைங்க" என்றான் ஒட்டகம் போனில். "அதை அதுங்க இன்னும் சொல்லல."